நெல் வயலின் கணக்கை எழுத வேண்டியவர் யார்?

நஞ்சையில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கும், வெளிநாட்டு நகரங்களில் கூடும் பருவநிலை மாநாடுகளுக்கும் என்ன தொடர்பு என்று உழவர் பெருமக்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. மாநாட்டில் எழுதப்படும் உடன்படிக்கை டில்லியில் கொள்கையாகிறது. கொள்கை மாநிலத்தில் திட்டமாகிறது. திட்டம், “வயலில் தண்ணீரை இத்தனை நாள் வடித்து விடுங்கள்” என்ற சிபாரிசாக ஊருக்கு வந்து சேர்கிறது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஓர் எண். ஓர் எக்டேர் நெல் வயலிலிருந்து எவ்வளவு மீத்தேன் வாயு வெளியேறுகிறது என்பதே அந்த எண். அதை யார் அளந்தார்கள், எந்த ஊர் மண்ணில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்தே உலகின் முன் நெல் உழவர் குற்றவாளியாகவோ, உதவி செய்பவராகவோ நிற்கிறார்.

பருவநிலைக் கொள்கையில் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் என்ன வேலை என்று பலர் வினவுகிறார்கள். அரசுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பதும், கருத்தரங்கில் பேசுவதும் மட்டுமே அந்த வேலை அன்று. சொந்த நாட்டு வயலில் இறங்கி அளந்து, அந்த எண்ணைப் பேச்சுவார்த்தை மேசையில் வைப்பதே முதல் வேலை. இது வெறும் பேச்சு அல்ல என்பதற்கு, 1991ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞானிகள் செய்து காட்டிய காரியமே சான்று.

சேற்றில் பிறக்கும் வாயு

சாண எரிவாயுக் கலம் வைத்திருப்போருக்கு மீத்தேன் புதிதல்ல. காற்றுப் புகாத தொட்டியில் சாணம் புளித்து, அடுப்பில் நீல நிறமாக எரிகிறதே, அந்த வாயுவில் பெரும் பகுதி மீத்தேன்தான். நெல் வயலிலும் நடப்பது ஏறக்குறைய இதுவே. வயலில் தண்ணீர் தொடர்ந்து நிற்கும்போது மண்ணுக்குள் பிராணவாயு போவதில்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் தழை, வைக்கோல், வேர்க் கழிவு ஆகியவற்றைச் சிதைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி மண்ணின் மேல் படலத்திலும் வேரைச் சுற்றிலும் உள்ள சிறிதளவு பிராணவாயுவால் அங்கேயே அழிந்து விடுகிறது. மீதியுள்ளதில் பெரும் பகுதி நெற்பயிரின் வேர், தண்டு ஆகியவற்றிலுள்ள காற்றுக் குழல்களின் வழியாக வெளியே வருகிறது.

இந்த மீத்தேன் சூரிய வெப்பத்தைப் பூமியில் பிடித்து வைக்கும் குணம் உடையது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைத் தேக்குகிறது. ஆகவேதான் உலகம் நெல் வயலை உற்றுப் பார்க்கிறது.

கவனிக்க வேண்டியது என்னவெனில், வயலுக்கு வயல் இந்த அளவு பெரிதும் மாறுபடும். தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, மண்ணில் அங்ககப் பொருள் எவ்வளவு, மடக்கி உழுத வைக்கோல் எவ்வளவு, ரகம் எது, வெப்பம் எவ்வளவு என்பவற்றைப் பொறுத்து ஒரு வயல் மற்றொரு வயலைவிடப் பல மடங்கு கூடுதலாக வாயுவை வெளியிடலாம். ஒரு நாட்டு வயலில் அளந்த எண்ணை மற்றொரு நாட்டு வயலுக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது, தஞ்சை வண்டலில் கண்ட விளைச்சலைக் கொண்டு இராமநாதபுரம் மானாவாரி நிலத்திற்கு வரி போடுவதைப் போன்றது.

1990இல் எழுந்த புகார்

நெல் வயல் மீத்தேனைப் பற்றிய தொடக்க காலக் கணக்குகள் பெரும்பாலும் இவ்வாறுதான் போடப்பட்டன. 1963இல் ஜப்பானில் ஆய்வுக்கூடத்தில் மண்ணை வைத்துச் செய்த சோதனையைக் கொண்டு, உலக நெல் வயல்கள் ஆண்டுக்கு 19 கோடி டன் மீத்தேன் விடுவதாக ஒரு மதிப்பீடு வந்தது. பின்னர் 1980களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும், ஸ்பெயின், இத்தாலி நாடுகளிலும் வயலிலேயே அளவீடுகள் நடந்தன. அவை நல்ல ஆராய்ச்சிகளே. ஆனால் உலக நெல் பரப்பில் மிகப் பெரும் பகுதி ஆசியாவில் இருக்க, அளவீடுகளில் பெரும் பகுதி வேறு இடங்களில் நடந்தது.

ஐக்கிய நாடுகளின் ஆதரவில் 1988இல் அமைக்கப்பட்ட பருவநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டு அரசுகளின் குழு, 1990இல் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. உலக நெல் வயல்களின் பங்கு ஆண்டுக்கு 11 கோடி டன் என்று அதில் கண்டிருந்தது. அதே காலத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில், இந்திய நெல் வயல்கள் மட்டும் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுவதாகக் கூறப்பட்டது. அப்போது நம் நாட்டின் நெல் பரப்பு சுமார் 4.2 கோடி எக்டேராக இருந்தது. வகுத்துப் பார்த்தால் எக்டேருக்கு 900 கிலோ ஆகிறது. மேல்நாட்டு அளவீடுகளை இந்தியப் பரப்பால் பெருக்கியதால் வந்த கணக்கு இது.

அமெரிக்காவின் உலக வளங்கள் நிறுவனம் 1990இல் வெளியிட்ட பட்டியலிலும், வளிமண்டலத்தைக் கெடுக்கும் முதல் ஐந்து நாடுகளுள் ஒன்றாக இந்தியா இடம்பெற்றது. இதனை எதிர்த்து டில்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் ஒரு நூல் எழுதினார்கள். ஏழையின் பிழைப்பிலிருந்து வரும் வாயுவையும், பணக்கார நாட்டின் சொகுசிலிருந்து வரும் வாயுவையும் ஒரே தராசில் நிறுப்பது முறையாகுமா என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். எனினும் நியாயத்தை மட்டும் கொண்டு எண்ணை வெல்ல முடியாது. எண்ணுக்கு எண்தான் பதில் சொல்ல வேண்டும்.

வயலில் இறங்கி அளந்தார்கள்

அந்தப் பதிலைத் தேடும் பணியைத் தலைமை ஏற்று நடத்தியவர் டாக்டர் ஏ.பி.மித்ரா. அயனமண்டல ஆராய்ச்சியில் புகழ் பெற்ற இயற்பியல் அறிஞர். புது டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகவும், பின்னர் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தவர். 1991இல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஒருங்கிணைப்பில், நாட்டின் பல பகுதிகளிலுள்ள ஆராய்ச்சி நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நெல் வயல் மீத்தேனை அளக்க முற்பட்டன. பாசன வயல், மானாவாரி வயல், ஆழ்நீர் வயல் எனப் பலவகை நிலங்கள் எடுத்துக் கொள்ளப்பட்டன.

அளக்கும் முறை எளிமையானது, உழைப்பு அதிகம். ஒளி புகும் பெர்ஸ்பெக்ஸ் பெட்டி ஒன்றை நெற்குத்துகளின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். குறிப்பிட்ட நிமிட இடைவெளியில் பெட்டிக்குள் இருக்கும் காற்றை சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதனை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்று கேஸ் குரோமட்டோகிராப் கருவியில் பகுத்துப் பார்க்க வேண்டும். நடவு முதல் அறுவடை வரை, காலையிலும் மாலையிலும், சேற்றில் நின்று இதனைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். விருது தேடித் தரும் வேலையன்று இது. ஆனால் நாட்டுக்குத் தேவையான வேலை.

முடிவு என்ன? இந்திய நெல் வயல்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு வெளியிடும் மீத்தேன் சுமார் 40 லட்சம் டன்தான் என்று தெரிந்தது. அதாவது எக்டேருக்குச் சராசரியாக 95 கிலோ அளவே. முன்பு சொல்லப்பட்டதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! நம் வயல்களில் கணிசமான பகுதி மானாவாரி. பாசன வயல்களிலும் பலவற்றில் தண்ணீர் இடைவிடாது நிற்பதில்லை. மண்ணில் அங்ககச் சத்தும் குறைவு. மேல்நாட்டு வயலைப் பார்த்துப் போட்ட கணக்கில் இவை இடம்பெறவில்லை.

எண் கொள்கையான விதம்

பன்னாட்டுக் குழு 1992இல் வெளியிட்ட துணை அறிக்கையில், உலக நெல் வயல்களின் பங்கு 11 கோடி டன்னிலிருந்து 6 கோடி டன்னாகக் குறைக்கப்பட்டது. ஆசிய நாடுகளில், குறிப்பாக இந்தியாவிலும் சீனாவிலும் நடந்த புதிய அளவீடுகள் அதற்கு ஒரு முக்கிய காரணம். இன்றைய மதிப்பீட்டில் உலகம் முழுவதற்கும் சேர்த்தே அது சுமார் 3 கோடி டன்தான். 1990இல் இந்தியாவின் தலையில் மட்டும் ஏற்றப்பட்ட பாரம் இதைவிடப் பெரியது என்பதை எண்ணிப் பார்த்தால், அளக்காமல் போடும் கணக்கின் ஆபத்து விளங்கும்.

1992 ஜூன் மாதம் ரியோ டி ஜெனிரோவில் பருவநிலை மாற்றம் பற்றிய உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது. 1993 நவம்பரில் அதனை உறுதி செய்தது. பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு ஆளுக்கேற்றபடி என்பது அந்த உடன்படிக்கையின் அடிப்படை. அதன்படி இந்தியா 2004இல் அளித்த முதல் தேசிய அறிக்கையில், 1994ஆம் ஆண்டுக்கான நெல் வயல் மீத்தேன் சுமார் 41 லட்சம் டன் என்று காட்டப்பட்டது. 2007ஆம் ஆண்டுக்கான கணக்கு 2010இல் வெளியானபோது அது சுமார் 33 லட்சம் டன். இவற்றுக்குப் பின்னால் நம் நாட்டு வயல்களில் எடுத்த அளவீடுகள் இருந்தன.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2030க்குள் உலக மீத்தேன் வெளியீட்டை 2020ஆம் ஆண்டு அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்பதென ஓர் உறுதிமொழியைப் பல நாடுகள் ஏற்றன. இந்தியா அதில் சேரவில்லை. நம் நாட்டு மீத்தேன் பெரும்பாலும் கால்நடைகளிலிருந்தும் நெல் வயல்களிலிருந்தும் வருகிறது, அவை சிறு குறு விவசாயிகளின் பிழைப்பு என்பது அரசு கூறிய காரணம். இந்த நிலையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். எப்படியாயினும், மீத்தேன் எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று அளந்து வைத்திருக்கும் நாடுதான் இப்படித் தெளிவாகப் பேச முடியும்.

சாக்காகக் கூடாது

இந்தியாவின் பங்கு குறைவு என்று தெரிந்ததால், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். அது தவறு. பழியைக் குறைத்த அதே அளவீடுதான், வழியையும் காட்டுகிறது. தண்ணீரை இடையிடையே வடித்துக் காய விட்ட வயலில் மீத்தேன் வெகுவாகக் குறைகிறது என்பதும் அதே பெட்டியில், அதே சிரிஞ்சில் கண்ட உண்மைதான். ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுவது நேர்மையாகாது.

விஞ்ஞானியின் வேலை அரசுக்குச் சாதகமான எண்ணைத் தேடித் தருவதன்று. 1991ஆம் ஆண்டு அளவீட்டை உலகம் ஏற்றதற்குக் காரணம், அது இந்தியாவுக்குச் சாதகம் என்பதன்று. முறையும் முடிவும் ஆராய்ச்சி ஏடுகளில் வெளியாகி, யாரும் சோதித்துப் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டதுதான். எண் நமக்குப் பாதகமாக வந்திருந்தாலும் அப்படியே வெளியிட்டிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாவிடில் விஞ்ஞானியின் சொல்லுக்கு எந்த மேசையிலும் மதிப்பு இராது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

நீர் மறைய நீர் கட்டும் முறை தமிழக உழவர்களுக்குப் புதிதல்ல. திருந்திய நெல் சாகுபடி மூலம் இது பல மாவட்டங்களில் பரவியது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சிபாரிசு செய்யும் முறையில், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மீண்டும் பாய்ச்ச வேண்டும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். இவ்வாறு செய்தால் தண்ணீர் மிச்சமாகிறது. முறையாகச் செய்தால் விளைச்சல் குறைவதில்லை.

ஆனால் இதனைக் கொள்கையாக எழுதுபவர்கள் மூன்று செய்திகளை மறக்கக் கூடாது. முதலாவது, ஆழ்துளைக் கிணறு உள்ளவர் விரும்பியபோது காய விடலாம், விரும்பியபோது பாய்ச்சலாம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பெறும் கடைமடை உழவர் அப்படிச் செய்ய முடியாது. இன்று வடித்து விட்டால் அடுத்த முறைக்குத் தண்ணீர் வருமா என்ற அச்சம் அவருக்கு நியாயமானது. இரண்டாவது, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவின் தாழ்ந்த வயல்களில் சம்பாப் பயிர் நீரில் நிற்கும்போது, வடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. வடிகால் தூர் வாராமல் சிபாரிசு மட்டும் செய்து பயனில்லை. மூன்றாவது, காய விடும் வயலில் களை கூடுகிறது. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மிஞ்சி இட்டிருந்தால், நைட்ரஸ் ஆக்சைடு என்ற மற்றொரு வாயுவும் கூடுகிறது. அது கிலோவுக்குக் கிலோ கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு வெப்பத்தைத் தேக்குவது. மீத்தேனில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை அது தின்று விடலாம்.

இவற்றைக் கொள்கை வகுப்போருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள், வயலையும் ஆய்வுக்கூடத்தையும் ஒருங்கே அறிந்த வேளாண் விஞ்ஞானிகள்தான். வாயுவின் அளவை மட்டும் எழுதி, வாய்க்காலின் நிலையை எழுதாத ஆராய்ச்சி அறிக்கை பாதி அறிக்கையே.

பணம் தரும் எண், பழி தரும் எண்

இப்போது புதிதாக ஒரு காரியம் ஊர்களுக்கு வந்து கொண்டிருக்கிறது. வயலைக் காயப் போட்டு மீத்தேனைக் குறைத்தால், குறைந்த அளவுக்குக் ‘கார்பன் கிரெடிட்’ என்ற பெயரில் பணம் தருவதாகக் கூறும் திட்டங்கள் அவை. இங்கும் எல்லாம் ஓர் எண்ணைப் பொறுத்தே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொழு உரம் இடாமல், இடைவிடாது நீர் நிற்கும் வயலுக்கு, பன்னாட்டுக் குழுவின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டியில் உலகப் பொது அளவு எக்டேருக்கு நாளொன்றுக்கு 1.30 கிலோ மீத்தேன். 2019இல் திருத்தியபோது, கூடுதல் வயல் அளவீடுகளைக் கொண்டு, தெற்கு ஆசியாவுக்கெனத் தனியே 0.85 கிலோ என்று நிர்ணயித்தார்கள். நடவு வயலில் 90 நாள் நிற்கும் பயிருக்கு முதல் எண்ணின்படி 117 கிலோ, இரண்டாவதின்படி 76.5 கிலோ. பலமுறை காய விட்டால் சுமார் 45 சதவீதம் குறையும் என்பது 2019ஆம் ஆண்டுக் கணக்கு. அதன்படி மிச்சம் எக்டேருக்கு 34 கிலோ அளவு மீத்தேன். கரியமில வாயுக் கணக்கில் சுமார் 930 கிலோ. ஏக்கருக்கு 376 கிலோ. அரை டன்னுக்கும் குறைவு. இதிலும் நைட்ரஸ் ஆக்சைடைக் கழிக்க வேண்டும். முன்பே காய விட்டுப் பழகியிருந்த வயலானால் மிச்சம் இன்னும் குறைவு.

பழைய பெரிய எண்ணைப் போட்டால் மிச்சம் கூடுதலாகத் தெரியும்; பணமும் கூடுதலாக வருவது போல் இருக்கும். இந்த ஆசைக்கு இடம் தரக் கூடாது. பழி வரும்போது சிறிய எண்ணையும், பணம் வரும்போது பெரிய எண்ணையும் காட்டுவது நாணயமாகாது. நெடுநாள் நிற்கவும் நிற்காது. கார்பன் கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் வெரா என்ற அமைப்பு, 2024இல் சீனாவின் 37 நெல் சாகுபடித் திட்டங்களை ஒரேயடியாகத் தள்ளுபடி செய்தது. அளவீடும் ஆவணமும் உறுதியாக இல்லாத திட்டத்தை நம்பிச் சேரும் உழவரின் கதி என்னாகும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

செய்ய வேண்டியவை

அரசு முதலில் செய்ய வேண்டியது, நெல் வயல் அளவீட்டை ஓர் ஆண்டுத் திட்டமாக இல்லாமல் நிரந்தரப் பணியாக்குவது. மழையளவைப் பதிவது போல, குறுவை, சம்பா, தாளடி ஆகிய ஒவ்வொரு பட்டத்திலும், நடவு வயலிலும் நேரடி விதைப்பு வயலிலும், ஆண்டுதோறும் அளக்க வேண்டும். இன்று பயிரிடும் ரகங்களும் உரமிடும் முறையும் 1991இல் இருந்தவை அல்ல. பழைய எண்ணை வைத்துக் கொண்டு புதிய பேச்சுவார்த்தைக்குப் போக முடியாது.

பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிப் பண்ணையின் ஓரத்தில் மட்டும் பெட்டியை வைக்காமல், உழவர் வயல்களிலும் வைக்க வேண்டும். கண்ட முடிவை ஆங்கில ஏட்டில் வெளியிடுவதுடன் நில்லாமல், வயலைத் தந்த உழவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

உழவர் பெருமக்கள், எந்தத் தேதியில் தண்ணீர் கட்டினோம், எப்போது வடித்தோம், எவ்வளவு யூரியா இட்டோம் என்பதை ஒரு நோட்டில் குறித்து வருதல் நலம். அந்தக் குறிப்பு இல்லாமல் எந்த விஞ்ஞானியாலும் சரியான கணக்குப் போட முடியாது. கார்பன் கிரெடிட் திட்டத்தில் கையொப்பமிடும் முன், எந்த எண்ணைக் கொண்டு கணக்கிடுகிறார்கள், வயலில் அளப்பார்களா, விளைச்சல் குறைந்தால் நஷ்டம் யாருடையது, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்ற நான்கு கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும். ஐயமிருந்தால் அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

வருங்காலத்தில் நெல் சாகுபடியைப் பற்றிய நிபந்தனைகள் கூடுமே தவிரக் குறையப் போவதில்லை. ஏற்றுமதிக்கும் கடனுக்கும் மானியத்துக்கும்கூட இந்தக் கணக்கைக் கேட்கும் காலம் வரலாம். அப்போது நம் வயலின் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். அளக்காதவர் பிறர் அளந்ததற்குத் தலையாட்ட வேண்டியதுதான். 1990இல் அந்த நிலை ஏற்பட்டது; 1991இல் சேற்றில் இறங்கிய விஞ்ஞானிகள் அதனை மாற்றினார்கள். அந்தப் பணியை இடையில் விட்டு விடாமல் தொடர்வது ஆராய்ச்சியாளர் கடமை. அதற்கு வயலையும் விவரத்தையும் தந்து துணை நிற்பது உழவர் கடமை.